தராசில் ஏறுவதற்கு முன்

கள்ளக்குறிச்சியில் அவர் இருந்த ஏழு வருஷத்தில், அவர் என்ன சாதி என்று ஊரில் ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சும்மா விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பேரை வைத்துப் பார்த்தார்கள். எந்த வீட்டிலும் வைக்கக்கூடிய பேர் அது. பேச்சைக் கவனித்தார்கள்; மதுரைக்காரரிடம் மதுரைக்காரராகவும் எங்களிடம் எங்களைப் போலவும் பேசினார். மெஸ்காரர் ஒரு மாதம் அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் போட்டால் மீன், மோர் போட்டால் மோர். கடைசியில் ஒரு கல்யாணத் தரகரை அனுப்பி வைத்தார்கள். தரகர் வெட்கப்படாமல் நேராகவே கேட்டார்.

"சார், நீங்க இன்னா ஆளுங்க?"

"பொண்ணு வூட்டுக்காரங்க யாரு?"

"அது நீங்க சொன்னாத்தானே சார் நான் சொல்ல முடியும்."

"நீங்க சொன்னாத்தான் நானும் சொல்ல முடியும்."

தரகர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். தரகரை அவர் கிண்டல் செய்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். கிண்டல் என்றால் மன்னித்துவிடலாம். அந்த மனுஷர் அதை மனசார நம்பித்தான் சொன்னார்.

அவர் முத்திரை ஆய்வாளர். கடைக்காரர்களின் தராசு, எடைக்கல், லிட்டர் அளவை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற சர்க்கார் உத்தியோகம். நான் கடைவீதிக்குப் பின்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். மொத்தம் ஐந்து மெஷின். மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. அதில் அவர் குடி வந்தார். வந்த மூன்றாம் நாள் ஒரு கட்டுக் காகிதத்தோடு இறங்கி வந்து, "பாய், இதை இங்கிலீஷ்ல சுத்தமா அடிச்சுத் தரணும்" என்றார். ஆபீஸ் காகிதம் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். பிரித்துப் பார்த்தால், கன்பூசியத் தத்துவத்துக்கும் குவாண்டம் இயற்பியலுக்கும் உள்ள ஒற்றுமைகள் என்று தலைப்பு. எனக்கு இரண்டில் ஒன்றுகூட இன்னதென்று தெரியாது.

அவருக்கு அது வந்த விதமே வேடிக்கை. சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் இரண்டு புத்தகங்களை ஒரே சணலில் கட்டி வைத்திருந்தார்களாம். ஒன்று சீனத்துச் சிந்தனையாளர்களைப் பற்றி, இன்னொன்று அணுவைப் பற்றி. அணுவை மட்டும் கேட்டதற்குக் கடைக்காரன் கட்டைப் பிரிக்க மாட்டேன் என்றுவிட்டான். சரி என்று இரண்டையும் வாங்கி, பஸ்ஸில் போகும்போது இதில் நாலு பக்கம் அதில் நாலு பக்கம் என்று மாற்றி மாற்றிப் படித்திருக்கிறார். ஒரு மாதத்தில் எது எந்தப் புத்தகத்தில் படித்தது என்பதே மறந்துவிட்டது. "அப்பதான் பாய் எனக்குத் தெரிஞ்சுது, ரெண்டும் ஒண்ணுன்னு" என்பார். அந்தச் சணலைச் சுற்றிய கடைக்காரனைத்தான் நான் பல நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

விஷயத்தை எனக்குப் புரிய வைக்காமல் அவர் விட்டதில்லை. "சீனாக்காரரு இன்னா சொல்றாரு? உலகத்துல ஒரு ஒழுங்கு இருக்குது, அதுக்கு லி-ன்னு பேரு. அந்த ஒழுங்கு வந்து குடியேற ஒரு வஸ்து இருக்குது, அதுக்கு சி-ன்னு பேரு. ஒண்ண வுட்டு ஒண்ணு நிக்காது. அணுக்காரரு இன்னா சொல்றாரு? கணக்கு ஒண்ணு, பொருள் ஒண்ணு. அளக்கறதுக்கு முன்னாடி கணக்கு மட்டும்தான் இருக்குது, இங்கயும் இருக்கலாம் அங்கயும் இருக்கலாம்னு. அளந்தாத்தான் பொருள் வந்து ஒரு எடத்துல நிக்குது. புரியுதா?"

"பாதி புரியுது சார்."

"அது போதும். இன்னும் ஒண்ணு. ஒரு ஆம்பள தானா அப்பன் ஆவ முடியுமா? புள்ள பொறந்தாத்தான் அவன் அப்பன். தனியா ஒருத்தன் ஒண்ணுமே இல்ல, யாருகூட நிக்கிறானோ அதப் பொறுத்துதான் அவன் யாருன்னு சீனாக்காரர் சொல்றாரு. அணுவும் அப்படித்தான். எந்தக் கருவிகூட நிக்குதோ அதுக்கேத்த முகத்தக் காட்டும்."

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த மனுஷர் போய்ப் பார்த்த வேலை, ஊர் ஊராக எடைபோடுவது. அதுதான் எனக்குத் தாங்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவரைப் போல் கள்ள எடை பிடித்த ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை. ஒரு தடவை நைனார்பாளையத்துக்கு நானும் கூடப் போனேன். ஒரு மளிகைக் கடையில் துவரம்பருப்புப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்தார். கடைக்காரர் தராசை முன்னால் நகர்த்தினார். இவர் அதைத் தொடவில்லை.

"தராசுல ஏத்தறதுக்கு முன்னாடி, இந்த நிமிஷம், இது எவ்ளோ இருக்குது?"

"ஒரு கிலோ சார்."

"அது ஏறின பொறவு. ஏறாதப்ப?"

கேட்டுவிட்டு, பதிலை நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையோடு கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. கடைக்காரருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "தொள்ளாயிரம் சார்" என்று மெதுவாகச் சொல்லி, சாக்குக்கு அடியில் இருந்து நல்ல கல்லை எடுத்து மேலே வைத்தார். இவர் அந்தக் கல்லைப் பார்த்து ஏமாந்த முகத்தோடு என்னிடம் திரும்பினார். "நான் தத்துவம் பேசிக்கினு இருக்கேன், இவரு திருட்ட ஒத்துக்கிறாரு பாருங்க." அந்த வருஷம் அதிக வழக்குப் பிடித்தவர் என்று அவருக்கு ஆபீசில் பாராட்டுக் கடிதம் வந்தது. அதை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனால் ஒரு மணி நேரம் அசையமாட்டார். பாதி ஆண் பாதி பெண் சாமி அவருக்கு எவ்வளவு தோதாகப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. குருக்களிடம் போய், "நான் இந்தப் பக்கமா நின்னு பாக்கறப்போ அந்தப் பக்கம் இருக்குதா?" என்று கேட்டிருக்கிறார். குருக்கள் விபூதியைக் கொடுத்து, நடை சாத்தும் நேரம் என்று அனுப்பிவிட்டார். அப்போது மணி காலை ஒன்பது.

மூங்கில் கதையைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. சீனத்தில் பழங்காலத்து அறிஞர் ஒருவர், பொருளை உற்றுப் பார்த்தால் அதன் ஒழுங்கு விளங்கும் என்று ஒரு மூங்கில் புதரின் முன்னால் ஏழு நாள் உட்கார்ந்து, விளங்காமல் நோயில் விழுந்தாராம். அதைப் படித்ததும் இவருக்குக் கை அரித்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் புதரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா.

மலைக்காரர்கள் இவரை யார் என்று நினைப்பார்கள்? சர்க்கார் உத்தியோகஸ்தர், நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு மூங்கிலைப் பார்க்கிறார். காட்டிலாகா மூங்கிலை எண்ண ஆள் அனுப்பிவிட்டது என்று மலை முழுக்கச் செய்தி போயிற்று. வீட்டுக் கூரைக்கு, கோழிக் கூண்டுக்கு என்று வெட்டி வைத்திருந்த மூங்கிலெல்லாம் ஒரே நாளில் மறைந்தது. கோழிகள் கூண்டில்லாமல் திரிந்தன. மறுபக்கம் காட்டுக் காவலர், இவர் சந்தனக்கட்டை திருட நோட்டம் பார்க்க வந்த ஆள் என்று நினைத்து எதிர் மரத்தடியில் உட்கார்ந்து இவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் மாலை இவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து, அந்தக் காவலரே தோளில் சாய்த்து பஸ் ஏற்றிவிட்டார்.

மாடியில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "சீனாக்காரருக்கு ஏழு நாள் ஆச்சு பாய். நான் ரெண்டே நாள்ல முடிச்சுட்டேன்."

"இன்னா சார் தெரிஞ்சுது?"

"நான் மூங்கிலைப் பாத்தேன், மலையே மாறிப் போச்சு. இதுக்கு மேல இன்னா நிரூபணம் வேணும்?"

கசாயத்தைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன். எனக்கு வாயில் ஏதாவது வந்துவிடும் போலிருந்தது.

கட்டுரையை அவர் திருத்தித் திருத்தி ஒன்பது தடவை என்னை அடிக்க வைத்தார். இருபத்திரண்டு பக்கம். ஒரு தடவை கோபத்தில் கார்பன் தாளைத் தலைகீழாக வைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் முதல் வாரம் சேருகிற பிள்ளைகள் செய்கிற தப்பு அது. நகல் தாள் வெள்ளையாகவே இருந்தது; அசல் தாளின் முதுகில் எல்லா எழுத்தும் கண்ணாடியில் தெரிவது மாதிரி இடவலம் மாறி விழுந்திருந்தது. திட்டுவார் என்று பார்த்தால், தாளை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, கண் கலங்கிவிட்டார். ஒரே தாளில் இரண்டு முகம் என்று அதைச் சட்டம் போட்டு மாடியில் மாட்டிக்கொண்டார். பத்தாவது தடவை நான் அடிக்கமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் சிரிப்புக்குச் சொல்கிறேன். ஆனால் கள்ளக்குறிச்சிக்கு வருவதற்கு முன்பிருந்தே, பதினோரு வருஷமாக அவர் அந்தக் கட்டுரையை ஊர் ஊராக அனுப்பி, ஒவ்வோர் இடத்திலிருந்தும் அது திரும்பி வந்திருந்தது. சில இடத்தில் பிரித்தே பார்க்கவில்லை. திரும்பி வந்த உறைகளை என் முன்னால் பிரிக்காமல் மாடிக்குக் கொண்டுபோய்விடுவார். அப்படி இருக்கும்போது கடலூரில் ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. கருத்தரங்கத்தில் வந்து படிக்கலாம், வெள்ளிக்கிழமை பதினோரு மணி, இருபது நிமிஷம். அவர் படிக்கட்டில் இறங்கி வந்த வேகத்தில் ஒரு செருப்பு மேலேயே நின்றுவிட்டது. "இருபது நிமிஷம் பாய்" என்றார். பதினோரு வருஷத்துக்கு அது ரொம்பக் கம்மி என்று எனக்குப் பட்டது. அவருக்கு அது ஜாஸ்தியாக இருந்தது.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை, கடைகள் அடைப்பு. புதன்கிழமை மாலை அவர் என் இன்ஸ்டிடியூட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சைக்கிள் விடத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. உளுந்தூர்ப்பேட்டைவரை கொண்டுபோய் விட்டால், அங்கிருந்து எப்படியாவது போய்விடுவார் என்று வியாழன் விடிந்ததும் என் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கட்டுரை ரெக்சின் பையில், பை அவர் மடியில்.

முதல் மூன்று மரத்தையும் வயலில் இறங்கிச் சுற்றிப் போனோம். தியாகதுருகம் நெருங்கும்போது நாலாவது மரம். அங்கே இரண்டு பக்கமும் வாய்க்கால், இறங்க வழியில்லை. மரத்தின் மேல் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. முன்னால் வந்த இளைஞனைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. என்னிடம் டைப் கற்றுக்கொண்டவன்.

"மாஸ்டர், நீங்களா?"

"நான்தாம்ப்பா. இன்னா பண்ணிக்கினு இருக்கே இப்போ?"

"இதத்தான். டைப் லோயர் பரிச்சைல ஃபஸ்ட் கிளாஸ் வாங்கினேன், ஞாபகம் இருக்குதா? ரெண்டு வருஷமா வூட்ல ஒக்காந்துகினு இருக்கேன் மாஸ்டர்." சொல்லிவிட்டுத் தன் ஆட்களிடம் திரும்பினான். "பாய்க்கு வழி வுடுங்கடா. அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

என்னை ஒரே பார்வையில் எடைபோட்டு முடித்துவிட்டார்கள். அடுத்தது அவர் முறை.

"சார் இன்னா ஆளுங்க?"

"எதுக்குத் தம்பி?"

"தெரிஞ்சா வுடலாமா வாணாமான்னு சொல்லுவோம்."

"அப்ப நான் சொல்றதுக்கு முன்னாடி, உங்க கண்ணுக்கு நான் யாரு?"

அவன் என்னைப் பார்த்தான். "மாஸ்டர், இவரு காலங்காத்தாலயே குடிச்சிருக்காரா?"

நான் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கெஞ்சினேன். "சார், எதையாவது ஒண்ணச் சொல்லித் தொலைங்க. பொய்யாவே இருக்கட்டும். நாளைக்குப் பதினோரு மணி சார். பதினோரு வருஷம் சார்."

அவர் முகம் வாடித்தான் போயிருந்தது. ஆனால் குரல் மாறவில்லை. "மூணாம் பக்கத்துல இன்னா எழுதியிருக்கேன் பாய்? ஒன்பது தடவ அடிச்சீங்களே. ஒருத்தன் தனியா ஒண்ணுமில்ல, கேக்கற கேள்விதான் அவன ஒண்ணா ஆக்குதுன்னு. இங்க ஒரு பேரச் சொல்லி வழி வாங்கிக்கினு, அங்க போய் அதப் படிச்சா நான் யாரு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டு வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. அவர்களே இலையில் சோறு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாப்பிட்டோம்.

சாப்பிட்ட பிறகு அந்தக் கூட்டத்துக்கும் பொழுது போகவில்லை. பையில் என்ன என்று கேட்டார்கள். சர்க்கார் ஆள் கையில் இங்கிலீஷ் காகிதம். தங்களைப் பற்றி மேலே எழுதிக் கொடுக்கிற ரிப்போர்ட்டோ என்று சந்தேகம். என் மாணவன் இரண்டு வரி படித்துப் பார்த்துவிட்டு, "சீனாவப் பத்தி எழுதியிருக்குது" என்றான். அது இன்னும் சந்தேகமாகப் போயிற்று. "நீங்களே தமிழ்ல சொல்லுங்க சார்" என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெட்டிப்போட்ட புளியமரத்தின் மேல் ஏறி நின்றார்.

இருபது நிமிஷம் இல்லை, ஒன்றரை மணி நேரம் பேசினார். லி சொன்னார், சி சொன்னார், துவரம்பருப்புச் சொன்னார், மூங்கிலைச் சொன்னபோது அந்தக் கூட்டமே உருண்டு சிரித்தது. நான் அடித்த கட்டுரை அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. கடைசியில், எதுவும் பார்க்கப்பட்டால்தான் ஒன்றாக வந்து நிற்கிறது, அதுவரை அது இன்னது என்று சொல்ல முடியாது என்று முடித்தார். இரண்டு மூன்று பேர் கைகூடத் தட்டினார்கள்.

கோடாலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் ஒருத்தர் நின்றிருந்தார். ஐம்பது வயசிருக்கும். அடுத்தவர் நிலத்தை விளைச்சலில் பங்குக்கு, வாரத்துக்கு உழுகிறவர். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், கையை லேசாகத் தூக்கிக் கேட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகங்க. பாத்தாத்தான் பொருளு வந்து நிக்கும்னு சொன்னீங்க. எங்கள இத்தினி வருசமா ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அப்ப நாங்க இருந்தமா, இல்லிங்களா?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மரத்தின் மேல் நின்றவர் கட்டுரையைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். நான் அடித்த பக்கங்கள் அவை. அவற்றில் இதற்கு விடை இல்லை என்று எனக்குத் தெரியும்.

"தெரியலைங்க" என்றார். மரத்திலிருந்து இறங்கும்போது கால் தடுமாறியது. கேட்டவரே வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

என் மாணவன் என்ன நினைத்தானோ, ஆட்களை விலகச் சொன்னான். "போங்க மாஸ்டர். அவரையும் கூட்டிக்கினு போங்க. சாயங்காலத்துக்குள்ள உளுந்தூர்ப்பேட்ட போயிடலாம்." நான் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

"ஏறி வாங்க சார்."

"வூட்டுக்குப் போலாம் பாய். இது இன்னும் முடியல."

வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன்.

பத்து நாள் கழித்துத் தபால் வந்தது. மறியலால் கருத்தரங்கம் நடக்கவில்லை, கட்டுரையை அனுப்பினால் கருத்தரங்க மலரில் அச்சிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவர் புதிதாக ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். அந்த மனிதர் கேட்ட கேள்வி, கேட்ட இடம், கேட்டவர் பேர் தெரியவில்லை என்ற குறிப்பு, இதற்கு என்னிடம் விடை இல்லை என்று ஒரு வரி. அவ்வளவுதான். பத்தாவது தடவை அடிக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தவன், முழுவதையும் மறுபடி அடித்தேன். இருபத்துமூன்று பக்கம்.

அடுத்த மாதமே பதில் வந்தது. கட்டுரை மிகவும் பிடித்திருக்கிறது, அச்சுக்குப் போகிறது. கடைசிப் பக்கம் மட்டும் விஷயத்துக்குச் சம்பந்தமில்லாமல் இருப்பதால் அதை எடுத்துவிட அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். படித்துவிட்டு மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தாளைச் செருகினேன்.

"எழுதுங்க பாய். கடைசிப் பக்கத்த மட்டும் அச்சிடவும். முன்னாடி இருக்கிற இருபத்திரண்டு பக்கத்த எடுத்துடலாம்."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. அடித்துக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டார், தபால் பெட்டிவரை இரண்டு பேருமாக நடந்து போனோம்.